ஞானப்பல்லும் தாடை முறிவும்

மனிதனுக்குப் பற்கள் எத்தனை என்று கேட்டால், 32 என்று ஐந்தாம் வகுப்புச் சிறுமியும் சொல்லிவிடுவாள். ஆனால் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கண்ணாடியின் முன் வாயைத் திறந்து பொறுமையாக எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் 28தான் தேறும். மீதி நான்கு எங்கே? அவை இன்னும் ஈறுக்கு அடியில், எலும்புக்குள் ஒளிந்திருக்கின்றன. மேலே இரண்டு, கீழே இரண்டு என வாயின் கடைக்கோடியில் முளைக்கும் இந்த நான்கையும் ஞானப்பற்கள் என்கிறோம். ஏறக்குறைய 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில், புத்தி தெளியும் பருவத்தில் வருவதால் இப்பெயர் வந்தது. பல் முளைத்தவர்களுக்கெல்லாம் ஞானமும் கூடவே முளைக்கிறதா என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் விட்டுவிடுவோம். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த நான்கில் ஒன்றாவது பிறவியிலேயே இருப்பதில்லை. அவர்களை ஞானமற்றவர்கள் என்று யாரும் சொல்வதில்லையே!

எல்லாப் பற்களும் இடம்பிடித்து அமர்ந்த பிறகு கடைசியாக வருபவை இவை. கூட்டம் நிறைந்த ரயில் பெட்டியில் கடைசி நிலையத்தில் ஏறுகிறவர் படும் பாடுதான் இவற்றுக்கும். பச்சையாகவும் கடினமாகவும் மென்று தின்ற ஆதி மனிதனின் தாடை நம்முடையதைவிட நீளமாக இருந்தது. சமைத்துக் குழைத்து உண்ணப் பழகிய நமக்குத் தாடை சிறுத்துவிட்டது. சிறு வயதில் நன்றாக மெல்லும்போதுதான் தாடை எலும்பும் நன்கு வளர்கிறது. ஆகவே பலருக்கு, குறிப்பாகக் கீழ்த்தாடையில், ஞானப்பல் நேராக எழ இடமில்லாமல் முன் பல்லின் மேல் சாய்ந்தோ, படுத்தோ, பாதி ஈறிலும் பாதி எலும்பிலுமாகச் சிக்கியோ நின்றுவிடுகிறது.

இந்தச் சிக்கிய பல்லைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு விதமான பேச்சு உண்டு. "உள்ளே அப்படியே விட்டால் தாடை உடைந்துவிடுமாம், வலி இல்லாவிட்டாலும் எடுத்துவிடு" என்பார் ஒருவர். "ஐயோ, அதைப் பிடுங்கினால்தான் தாடை உடையும், தொடாதே" என்பார் மற்றவர். பெற்றோர் நடுவில் நின்று திகைப்பார்கள். வேடிக்கை என்னவென்றால் இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எவ்வளவு என்பதைத் தெரிந்துகொள்ள, முதலில் தாடை எப்படி உடைகிறது என்று பார்க்க வேண்டும்.

கீழ்த்தாடை ஒரே எலும்பு. குதிரை லாடம் போல வளைந்து, இரு முனைகளும் மேலே ஏறி, இரு காதுகளுக்கும் முன்னால் மண்டையோட்டோடு மூட்டாகச் சேர்கிறது. காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள்; விரலின் கீழ் ஏதோ உருளும். அதுதான் தாடை மூட்டு. அங்கிருந்து விரலைக் கீழே இறக்கினால், எலும்பு திரும்பி மோவாயை நோக்கிச் செல்லும் மூலை ஒன்று தட்டுப்படும். அதைத் தாடைக் கோணம் என்பார்கள். கீழ் ஞானப்பல் குடியிருப்பது அந்த மூலைக்குச் சற்று மேலே, எலும்பின் மேல் விளிம்பில்.

ஒரு கண்ணாடி வளையலைப் பாதியாக்கி, அந்தப் பாதியின் இரு முனைகளையும் மேசைமேல் ஊன்றி அழுத்தினால் எங்கே உடையும்? விரல் வைத்த இடத்திலேதான் உடையும் என்று சொல்ல முடியாது, எதிர்ப்பக்கத்திலும் விண்டுபோகும். தாடையும் அப்படியே. ஒரு பக்கம் அடி விழ, மறுபக்கமும் சேர்ந்து முறிவது சாதாரணம். அதனால்தான் ஒரு முறிவைக் கண்ட மருத்துவர் இரண்டாவது எங்கே என்று தேடுவார். எலும்பு எங்கெங்கே மெலிந்திருக்கிறதோ அங்கங்கே உடைகிறது. நீண்ட வேர் கொண்ட கோரைப்பல்லின் பக்கம் ஓர் இடம். மூட்டுக்குக் கீழே ஒல்லியான கழுத்துப் பகுதி ஓர் இடம். தாடைக் கோணம் ஓர் இடம்.

கோணத்தில் ஞானப்பல் புதைந்திருந்தால் என்ன ஆகும்? துணிக்கடையில் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் துணியின் ஓரத்தில் கத்தரிக்கோலால் சிறிதாக ஒரு வெட்டுக் கொடுக்கிறார். பிறகு இரு கையாலும் இழுத்தால் சர்ரென்று நேராகக் கிழிந்துவிடுகிறது. வெட்டு இல்லாமல் இழுத்தால் பயில்வானாலும் எளிதில் கிழிக்க முடியாது. இழுவிசை விழும் ஓரத்தில் சிறு பிளவு இருந்தால் போதும். தாடைக் கோணத்தில் மேல் விளிம்புதான் இழுபடும் ஓரம். கீழ் விளிம்பு நெருக்கப்படும் ஓரம். நாம் முன்பற்களால் ஒரு கொய்யாக்காயைக் கடிக்கும்போதுகூட இதுவே நடக்கிறது. அந்த மேல் விளிம்பில் எலும்பு இருக்க வேண்டிய இடத்தைப் பல் அடைத்துக்கொண்டால், அதுவும் பாதி முளைத்து விளிம்பை உடைத்துக்கொண்டு நின்றால், அது கத்தரிக்கோல் வெட்டுப் போலாகிறது. பல் எலும்பைவிடக் கடினமானதுதான். ஆனால் அது எலும்போடு ஒன்றாக வார்க்கப்பட்டதல்ல, தனியாகச் செருகப்பட்டது. சுவரில் செங்கல்லுக்குப் பதிலாகக் கருங்கல்லைச் சாந்தில்லாமல் செருகி வைத்தால் சுவருக்கு வலுவா கூடும்?

பல நாடுகளில் தாடை முறிந்து வந்தவர்களின் எக்ஸ்ரே படங்களைச் சேர்த்து மருத்துவர்கள் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். கீழ் ஞானப்பல் உள்ளவர்களுக்குக் கோணத்தில் முறிவு ஏற்படும் வாய்ப்பு, இல்லாதவர்களைவிட ஏறக்குறைய இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம் என்பது இப்போது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட முடிவு. முதல் பேச்சில் உள்ள உண்மை இது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இவர்கள் எல்லாரும் அடிபட்டு வந்தவர்கள். ஆரோக்கியமான ஒருவர் சோறு மெல்லும்போது, ஞானப்பல் இருக்கிற ஒரே காரணத்தால் தாடை தானாக முறிவதில்லை.

அடி என்றதும் வட சென்னைக்காரர்களுக்குக் குத்துச்சண்டை நினைவுக்கு வராமல் இராது. பேசின் பிரிட்ஜைச் சுற்றியுள்ள வியாசர்பாடி, புளியந்தோப்பு, ராயபுரம் பகுதிகளில் "ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை" என்று விளம்பரம் ஒட்டிப் போட்டி நடந்த காலத்தைத் தாத்தாமார்கள் இன்றும் சொல்வார்கள். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாகப் பிரிந்து மோதினார்கள். 2021ல் வந்த "சார்பட்டா பரம்பரை" திரைப்படத்தால் இளையவர்களும் அதை அறிந்துகொண்டார்கள். 1980ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் உலகப் புகழ்பெற்ற முகம்மது அலியே சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் தம் பழைய நண்பர் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். பேசின் பிரிட்ஜிலிருந்து அது அதிக தூரமில்லை.

சென்னை மக்கள் அன்று கண்ட அந்த அழகிய முகம் ஏழு ஆண்டுகளுக்கு முன் தாடை உடைந்த முகம். 1973 மார்ச் 31 அன்று அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் கென் நார்ட்டனோடு நடந்த போட்டியில் அலியின் கீழ்த்தாடை இடப்பக்கம் முறிந்தது. எந்தச் சுற்றில் முறிந்தது என்பதில் இன்றும் ஒத்த கருத்தில்லை. ஆனால் 12 சுற்றும் நின்று ஆடித் தோற்று, நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதே ஆண்டு செப்டம்பர் 10ல் அதே நார்ட்டனை வென்றார். உடைந்த தாடை சரியாகப் பொருத்தப்பட்டால் எவ்வளவு உறுதியாகக் கூடுகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

குத்துச்சண்டை வீரர்கள் வாயில் ரப்பர் கவசம் வைத்துப் பற்களை இறுகக் கடித்துக்கொண்டு நிற்பதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். கடித்த தாடை மேல்தாடையில் சாய்ந்து பலம் பெறுகிறது. திறந்த வாயில் குத்து விழுந்தால் தாடை ஆதரவின்றித் தொங்குகிறது. முகத்தில் மோதல் நிகழும் விளையாட்டுகளில் முழுநேரமாக ஈடுபடுவோருக்கு, சிக்கிய ஞானப்பல்லை முன்கூட்டியே எடுத்துவிடலாம் என்று கூறும் மருத்துவர்கள் உண்டு. அப்படியானால் நாமும் எடுத்துவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள்.

இங்கேதான் விஷயம் திரும்புகிறது. அதே எக்ஸ்ரே படங்கள் இன்னொன்றையும் காட்டின. ஞானப்பல் இல்லாதவர்களுக்குக் கோணத்தில் முறிவு குறைவு. ஆனால் காதுக்கு முன்னாலுள்ள மூட்டுக் கழுத்தில் முறிவு அதிகம். அடியின் வேகம் எங்காவது போய்த் தீர வேண்டும் அல்லவா? கோணம் பலமாக நின்றுவிட்டால் அது மேலே ஏறி மெல்லிய கழுத்தை முறிக்கிறது. கோணத்தில் விழுந்த முறிவை வாயின் உட்புறமாகவே அணுகித் தகடு வைத்துச் சேர்த்துவிடலாம். மூட்டுக் கழுத்தின் அருகிலோ முகத்தை அசைக்கும் நரம்பு ஓடுகிறது. அங்கே கத்தி வைப்பது எளிதல்ல, வாய் திறப்பதிலும் கடிப்பதிலும் பின்னர் தொல்லை தங்கிவிடலாம். ஆகவே ஞானப்பல்லை எடுத்தவருக்குத் தாடை உடையாது என்று எண்ணுவது தவறு. உடையும் இடம் மாறுகிறது, அவ்வளவே. அதுவும் சில வேளை இன்னும் சங்கடமான இடத்துக்கு.

மூட்டுக் கழுத்து என்று சொன்னதால் பள்ளிக்கூடத்துக்கு மிக அவசியமான ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. காலை வழிபாட்டில் வெயிலில் நின்று, காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்த மாணவி மயங்கி விழுவதுண்டு. மயங்குபவர் கையை ஊன்றுவதில்லை. நேரே மோவாய் தரையில் மோதும். மோவாயில் வெட்டுக்காயம், இரத்தம். எல்லாரும் அதையே பார்ப்போம், தையல் போட்டு அனுப்பிவிடுவோம். அடி மோவாயில் விழுந்தாலும் முறிவு இரு காதுகளின் முன்னும் இருக்கலாம். அணிவகுப்பில் மயங்கி விழும் சிப்பாய்களிடம் இது அதிகம் காணப்பட்டதால் ஆங்கிலேய மருத்துவர்கள் இதற்குக் காவற்படையினரின் முறிவு என்றே பெயர் வைத்தார்கள். சிறு குழந்தைகளிடம் இதைக் கவனியாமல் விட்டால் மூட்டு மெல்ல மெல்ல எலும்பாகவே ஒட்டிப்போய், சில ஆண்டுகளில் வாய் ஒரு விரல்கூட நுழையாதபடி பூட்டிக்கொள்ளும். தாடையின் வளர்ச்சியும் நின்று மோவாய் உள்வாங்கிவிடும். நம் நாட்டில் இவ்வாறு வாய் பூட்டிய பிள்ளைகளை விசாரித்தால் பெரும்பாலும் என்றோ விழுந்த ஒரு விழுகை வெளிவருகிறது. தொட்டிலிலிருந்தோ திண்ணையிலிருந்தோ விழுந்த குழந்தையின் மோவாயில் காயமிருந்தால், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, காதின் முன்புறத்தையும் காட்டிவிட்டு வாருங்கள். பெற்றோருக்கு இந்தக் கட்டுரையில் ஒரு வரி மட்டும் நினைவிருக்கலாம் என்றால் இந்த வரி இருக்கட்டும்.

இந்தியாவில் தாடை முறிவுக்கு முதற்காரணம் சாலை விபத்து. கண்டெய்னர் லாரிகள் நெருக்கியடிக்கும் எண்ணூர், திருவொற்றியூர்ச் சாலைகளில் இரண்டு சக்கர வண்டியில் போய்வரும் நம் தந்தையரும் அண்ணன்மாரும் இதை விளக்கிச் சொல்லாமலே அறிவார்கள். சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2015 ஜூலை 1 முதல் ஓட்டுபவருக்கும் பின்னால் அமர்பவருக்கும் தலைக்கவசம் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் பலர் அணிவது சட்டி கவிழ்த்தாற்போன்ற அரைக் கவசம். அது மண்டையைக் காக்கும். தாடையைக் காப்பது மோவாய் வரை மூடிய முழுக் கவசமே.

அடுத்த காரணம் மனிதன் மனிதனை அடிப்பது. வலக்கை வீச்சு எதிரில் நிற்பவரின் இடக் கன்னத்தில் விழுகிறது. ஆகவே கைகலப்பில் அதிகம் உடைவது இடப்பக்கக் கோணம். இதில் குடிகாரச் சண்டைகள் மட்டும் சேர்ந்தவையல்ல. "குளியலறையில் வழுக்கி விழுந்தேன்" என்று வரும் பெண்களின் படத்தில் இடப்பக்கக் கோணம் மட்டும் முறிந்திருந்தால் அனுபவமுள்ள மருத்துவருக்குச் சந்தேகம் எழும். வழுக்கி விழுபவர் பெரும்பாலும் மோவாயில் விழுவார் என்று மேலே பார்த்தோமே. வீட்டுக்குள் விழும் அடியும் குற்றமே என்று 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் வந்த பிறகும் அந்தக் குளியலறைக் கதை நின்றபாடில்லை. உதவிக்கு அழைக்கப் பெண்களுக்கென 181 என்ற எண் இருக்கிறது. பல்வலிக்காரரின் பாதுகாவலியாக நாம் வணங்கும் புனித அப்பொலோனியாவும் பல்வலியால் அந்தப் பெயரைப் பெறவில்லை. 3ஆம் நூற்றாண்டின் நடுவில் அலெக்சாந்திரியாவில் ஒரு கூட்டம் அந்த வயதான கன்னிகையைத் தாடையில் அறைந்து பற்களை எல்லாம் உடைத்தது என்று அந்நகர ஆயர் தியோனீசியுஸ் எழுதிய கடிதம் சொல்கிறது. திருநாள் பெப்ரவரி 9.

தாடை உடைந்ததை எப்படி அறிவது? பற்கள் முன்போல் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதே பெரிய அடையாளம். "என் பல் சேரவில்லை" என்று அடிபட்டவர் சொன்னால் நம்புங்கள். கீழுதடு மரத்துப்போவது, பல்வரிசையில் படி விழுந்தாற்போல் ஏற்றத்தாழ்வு, நாக்கின் அடியில் இரத்தம் கட்டுவது ஆகியனவும் அடையாளங்கள். உதடு ஏன் மரக்கிறது என்றால், உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு ஞானப்பல்லின் வேருக்கு அடியிலேதான் எலும்புக்குள் ஓடுகிறது. அடிபட்டவரை மல்லாக்கப் படுக்க வைக்காமல், முன்னே சாய்த்து உட்காரவைத்து இரத்தத்தைத் துப்ப விடவேண்டும். தாடையைக் கையால் தாங்கினால் போதும். பல் முழுதாக விழுந்திருந்தால் தேய்க்காமல் பாலில் போட்டு எடுத்துச் செல்லலாம். பேசின் பிரிட்ஜ் பகுதியினருக்குப் பழைய சிறைச்சாலைச் சாலையில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம்; கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே, 1953ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரியும் உண்டு.

சிகிச்சையில் முன்னேற்றம் பெரிது. பழங்காலக் கிரேக்க மருத்துவரான ஹிப்போக்ரட்டீஸ் பெயரில் உள்ள நூல்கள் முறிவின் இருபுறப் பற்களையும் தங்க இழையால் சேர்த்துக் கட்டச் சொல்கின்றன. பல நூற்றாண்டுகள் கழித்தும் அடிப்படை அதுவே: மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் பிணைத்து ஆறு வாரம் வாயை மூடி வைத்தார்கள். கஞ்சியும் பாலும் குழலில் உறிஞ்ச வேண்டும். அலியும் 1973ல் கம்பிக் கட்டோடுதான் வீடு திரும்பினார். அதே 1970களில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மாக்சிம் ஷாம்பி என்ற மருத்துவர், தாடையின் எந்த ஓரம் இழுபடுகிறது என்று கணக்கிட்டு, அந்த ஓரத்தில் ஒரு சிறு தகட்டைத் திருகாணியால் பொருத்தினாலே போதும் என்று காட்டினார். துணி கிழியும் ஓரத்தில் ஒரு தையல் போடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று அந்தத் தகடு டைட்டானியத்தால் ஆனது. நோயாளி சில நாட்களிலேயே வாயைத் திறந்து மிருதுவான உணவு உண்கிறார். முறிவுக்கோட்டில் ஞானப்பல் இருந்தால் முன்பெல்லாம் கட்டாயம் எடுத்தார்கள். இப்போது அது ஆடாமல், சீழ் பிடிக்காமல், எலும்பு சேர்வதைத் தடுக்காமல் இருந்தால் விட்டுவிடுவதும் உண்டு.

இனி இரண்டாவது பேச்சு: பிடுங்கினால் உடையுமா? உடைந்ததுண்டு, ஆனால் பதினாயிரம் பேரில் ஒருவருக்குக்கூட வராத அளவுக்கு அரிது. ஆழத்தில் புதைந்த பல்லை எடுக்கச் சுற்றியுள்ள எலும்பையும் சற்றுச் செதுக்க வேண்டியிருக்கிறது. பல்லும் போய், எலும்பும் குறைந்து, அந்தக் குழியில் புது எலும்பு நிரம்பச் சில மாதங்கள் ஆகும். சிகிச்சை மேசையில் முறிவதைவிட, இரண்டு மூன்று வாரம் கழித்து, வலி போய்விட்டதே என்று முறுக்கையோ எலும்புத் துண்டையோ கடிக்கும்போது 'டக்' என்ற சத்தத்துடன் முறிவதுதான் அதிகம் பதிவாகியிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் 40 வயதைத் தாண்டிய ஆண்கள். பற்கள் எல்லாம் இருக்க, பலமாகக் கடிப்பவர்கள். 20 வயதில் எலும்பு மிருதுவாகவும் வேர் முழுதாக வளராமலும் இருப்பதால், எடுக்க வேண்டிய பல்லை அந்த வயதில் எடுப்பது எளிது.

எடுக்க வேண்டிய பல் எது? அடிக்கடி ஈறு வீங்கி வாய் திறக்க முடியாமல் செய்வது, தானும் சொத்தையாகி முன் பல்லையும் சொத்தையாக்குவது, அடியில் நீர்க்கட்டி வளர்வது. நீர்க்கட்டி எலும்பை உள்ளிருந்தே அரித்துவிடும். தாடை உண்மையிலேயே பலமிழப்பது அப்போதுதான். வாய் முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே இதையெல்லாம் சொல்லிவிடும். தொல்லை தராமல் இருக்கும் பல்லை வருங்காலப் பயத்துக்காக மட்டும் எடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் அரசு மருத்துவ ஆலோசனை நிறுவனம் 2000ஆம் ஆண்டில் அறிவித்தது. இதற்கு மாறாகச் சொல்லும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். ஆயினும் நாளை யாரோ அடிக்கக்கூடும், வண்டி மோதக்கூடும் என்று இன்று நல்ல பல்லைப் பிடுங்குவது, குடை தொலைந்துவிடும் என்று மழையில் நனைவது போலத்தான் எனக்குப் படுகிறது.

எடுத்துவிட்டால் முதல் நாள் கொப்பளிக்க வேண்டாம். குழியில் உறைந்த இரத்தம் கரைந்துவிடும். மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்பு நீர். ஒரு மாதமாவது தயிர்சாதம், இட்லி, குழைந்த பருப்பு என்று இருந்துவிட்டு, ஆழமாகச் செதுக்கி எடுத்த பல்லாயிருந்தால் கரும்பு கடிப்பதை அடுத்த பொங்கலுக்குத் தள்ளி வையுங்கள்.